உயரமும் கயிறும்: காப்பார் வட்டாரத்து மரவேலையின் ஆபத்துகள்

மலேசியாவில் கிள்ளானை அடுத்த காப்பாரைச் சுற்றியுள்ள நிலம் தட்டை. குன்று கிடையாது, பாறை கிடையாது. இங்கே ஒருவர் தரையைவிட்டு உயரப் போகவேண்டுமென்றால் மரம்தான் வழி. கடலோரம் தென்னை, உள்ளே ஒரு காலத்தில் ரப்பர், பிறகு செம்பனை. வாலம்புரோசா, ஜாலான் அக்கோப், நோர்த் ஹம்மோக் என்ற தோட்டப் பெயர்கள் இன்றும் தமிழ்ப்பள்ளிப் பெயர்ப்பலகைகளில் வாழ்கின்றன. தோட்டங்களில் பல, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன.

ரப்பர் மரத்தில் ஏற வேண்டியதில்லை. நின்ற இடத்திலேயே பால்வெட்டு முடிந்துவிடும். அதனால்தானோ என்னவோ, தோட்டக்கால நிர்வாகத்தின் பாதுகாப்புச் சிந்தனை முழுக்கத் தரையைப் பற்றியதாகவே இருந்தது. 1901இல் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கிள்ளானிலும் அன்றைய போர்ட் சுவெட்டன்ஹாமிலும் சதுப்பை வடியவிட்டு மலேரியாவை அடக்கினார். உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்ற செயல் அது. மரத்திலிருந்து விழுந்தவர்களுக்கு அப்படி ஒரு வாட்சன் வாய்க்கவில்லை. தென்னையிலிருந்து விழுந்தவன் செய்தியை ஊர் இன்றும் ‘விதி’ என்ற ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறது.

விதியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் கேள்வி இரண்டு. உயரத்தில் வேலை செய்பவர் எந்தக் கணத்தில் விழுகிறார்? அவரைத் தாங்கவேண்டிய கருவி ஏன் கைவிடுகிறது? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடியவர்கள் பல நாடுகளில், பல தொழில்களில் இருக்கிறார்கள். கேரளத்துத் தென்னையேறிகள், இலங்கையின் மேற்குக்கரைச் சீவல்காரர்கள், பாப்புவா நியூ கினியில் பணியாற்றிய ஒரு மருத்துவர், அமெரிக்கக் காடுகளில் மரத்தட்டில் உட்கார்ந்து மானுக்குக் காத்திருக்கும் வில் வேட்டைக்காரர்கள். காப்பார்ப் பக்கம் வில்லெடுத்து வேட்டைக்குப் போகிறவர் எவரையும் நான் அறியேன். ஆனாலும் மரத்திலிருந்து விழாமலிருப்பதைப் பற்றி மிகத் தெளிவாக விதி வகுத்திருப்பவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு இது பொழுதுபோக்கு. பொழுதுபோக்குக்காக உயிர்விட யாருக்கும் விருப்பமில்லை. நம்மவருக்கு இது கூலிவேலை.

தோட்டப்புறத்தில் மரமேறுவதை அன்றாடத் தொழிலாகக் கொண்டவர் கள் இறக்கியவர்தான். பாளையைச் சீவவும் ஊறியதை எடுக்கவும் ஒரே மரத்தில் காலையும் மாலையும் ஏறவேண்டும். தேங்காய் பறிப்பவர் ஒரு மரத்தை மாதக்கணக்கில் மறந்திருக்கலாம். கள் இறக்குபவருக்கு ஓய்வுநாள் கிடையாது, மழைநாளும் கிடையாது. சீவாமல் விட்டால் பாளை ஊறுவது நின்றுபோகும். கள்ளுக்கடையைப் பற்றி நம் சமூகம் ஏராளமாகப் பேசியிருக்கிறது. 1941இல் ஆர்.எச். நாதன் முன்நின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வேலைநிறுத்தக் கோரிக்கைகளில், கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒன்று; துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் கட்டாயம் ஒழியவேண்டும் என்பதும் ஒன்று. நியாயமான கோரிக்கைகள். குடிப்பவரைப் பற்றிப் பேசிய அளவு இறக்குபவரைப் பற்றிப் பேசவில்லை என்பது என் குறை.

அவர் தொழில் கற்றுவந்த மரபைப் பார்க்கத் திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பனங்காடுகளுக்குப் போகவேண்டும். கால்களைப் பிணைக்கும் தளைநார், நெஞ்சு மரத்தில் உராயாமலிருக்கத் தோல், அடிமரத்தில் சாய்த்து மிதித்தேற முருக்குத்தடி, பாளையை நசுக்கிப் பதப்படுத்தும் கடிப்பு, இடுப்பில் தொங்கும் அரிவாள்பெட்டி. பல தலைமுறை அனுபவம் செதுக்கிய தொகுதி அது. கூர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும்: இவற்றில் ஒன்றுகூட விழுகிறவரைப் பிடிக்காது. எல்லாமே ஏறுவதற்கு உதவுபவை. பிடி தவறினால் அடுத்த தடுப்பு தரைதான். ஆனால் அரிவாள்பெட்டியில் ஓர் அறிவு இருக்கிறது. வெட்டும் கருவி கையில் இருக்கக்கூடாது, வாயில் கவ்வியிருக்கக்கூடாது, திறந்த கூரோடு உடம்பை ஒட்டியும் இருக்கக்கூடாது. வில் வேட்டைக்காரர்களுக்கு முதல் பாடமே இதுதான்: வில்லோடும் அம்போடும் ஏறாதே; ஏறி உட்கார்ந்து உடலைக் கட்டிக்கொண்ட பிறகு கயிறு விட்டு மேலே இழுத்துக்கொள். தன் அம்பின் முனையிலேயே விழுந்து செத்தவர்கள் கற்றுக்கொடுத்த பாடம்.

விழுவதன் கணக்கு எளிது. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர். பத்து மீட்டரென்றால் 50. நன்றாக வளர்ந்த நாட்டுத் தென்னையின் கொண்டை அதற்கும் மேலே இருக்கும். பீட்டர் பார்ஸ் என்ற மருத்துவர் பாப்புவா நியூ கினியின் மில்ன் பே மாநிலத்தில் பணியாற்றியபோது மரத்தால் வரும் காயங்களைத் தொகுத்து 1984இல் எழுதினார். தேங்காய் தலையில் விழுவதைப் பற்றிய அவருடைய கட்டுரைக்கு 2001இல் இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசு கிடைத்தது. உலகம் சிரித்தது. அதே 1984இல், மரத்திலிருந்து மனிதர் விழுவதைப் பற்றி அவர் எழுதிய மற்றொரு கட்டுரை அந்தச் சிரிப்பில் மறைந்துபோனது. தேங்காய் விழுந்தால் செய்தி. தேங்காய் பறிப்பவர் விழுந்தால் செய்தியில்லை.

எந்தக் கணத்தில் விழுகிறார்கள்? தண்டில் ஏறிக்கொண்டிருக்கும்போது உடம்பும் கவனமும் ஒரே வேலையில் இருக்கின்றன. ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில்தான் ஆபத்து. வேட்டைக்காரர்களுக்கு அது ஏணியிலிருந்து தட்டுக்குக் கால் மாற்றும் கணமும் தட்டிலிருந்து ஏணிக்குத் திரும்பும் கணமும். தென்னையில் அது தண்டு முடிந்து கொண்டை தொடங்கும் இடம். அதுவரை தண்டை அணைத்திருந்த கைகள் இப்போது மட்டையைத் தேடவேண்டும். பழுத்துக் காய்ந்த மட்டை தானாகவே கழன்று விழக்கூடியது; அதைப் பிடிப்பவர் எதையும் பிடிக்கவில்லை என்றே பொருள். பச்சை மட்டையின் அடியைத்தான் பிடிக்கவேண்டும், அதையும் முதலில் ஆட்டிப் பார்த்துவிட்டு. இதே இடத்தில்தான் செவ்வெறும்புக் கூடு இருக்கும், கதண்டுக் கூடும் இருக்கும். கதண்டு கொட்டும்போது கையை விடாமலிருப்பது அரிது. காண்டாமிருக வண்டு குடைந்த கொண்டையோ உள்ளே இற்றுப்போயிருக்கும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் முக்கோணமாக வெட்டுப்பட்ட ஓலைகள் அதைக் காட்டிக்கொடுக்கும். ஏறுமுன் மரத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்ப்பதன் பயன் இது.

ஏறுவதற்கு வசதியாகத் தண்டில் படி வெட்டிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. தென்னை, பனை, செம்பனை ஆகியவற்றின் தண்டில் வெட்டுக்காயம் மூடாது. மாமரம்போல் புதுப் பட்டை வளர்ந்து அடைத்துக்கொள்ளும் திசு இவற்றுக்கு இல்லை. வெட்டிய படி ஆயுள் முழுக்கத் திறந்த புண். மழைநீர் தேங்கும், பூஞ்சை இறங்கும். இன்று கால்வைக்க உதவிய இடம் சில ஆண்டுகளில் காலை ஏமாற்றும் இடமாகிவிடும்.

ஏறும் தடவைகளைக் குறைத்தால் ஆபத்து குறையும் என்று நினைத்தவர்கள் இலங்கையின் மேற்குக்கரைச் சீவல்காரர்கள். களுத்துறைப் பக்கம் தென்னைகளுக்கிடையே மேலே ஒன்று கீழே ஒன்றாகக் கயிறு கட்டி, கீழ்க்கயிற்றில் நடந்து மேல்கயிற்றைப் பிடித்தபடி மரத்துக்கு மரம் போவார்கள். ஒருமுறை ஏறினால் பல மரங்களை முடித்துவிடலாம். பார்க்க அழகு, ஏறும் சிரமமும் மிச்சம். ஆனால் ஆபத்து முழுவதும் அந்தத் தேங்காய்நார்க் கயிற்றுக்குள் குடிபோய்விட்டது. வெயிலும் மழையும் மாறி மாறிப் படும் கயிறு அது.

கேரளத்தில் வேறு வழி பிறந்தது. கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே. ஜோசப் என்ற விவசாயி, தண்டைச் சுற்றும் எஃகுக் கம்பி வடத்தோடு கூடிய இரண்டு சட்டங்களை உருவாக்கினார். ஒன்றின்மேல் எடை விழும்போது வடம் தண்டை இறுக்கும். எடையை எடுத்தால் தளரும். இடம் வலமாக மாற்றி மாற்றி மிதித்தே ஏறிவிடலாம். அமெரிக்க வேட்டைக்காரர்கள் பயன்படுத்தும் ஏறுதட்டும் ஏறக்குறைய இதே தத்துவம்தான். 2011இல் தேங்காய் வளர்ச்சி வாரியம் ‘தென்னை மர நண்பர்கள்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, பெண்கள் உட்படப் பல்லாயிரம் பேருக்கு இந்தப் பொறியில் பயிற்சி தந்தது, காப்புறுதியும் சேர்த்து. பரம்பரையாக ஏறியவர்கள் தொழிலைவிட்டுப் போனதால் ஏற்பட்ட ஆள்பஞ்சம்தான் திட்டத்துக்குக் காரணம். ஏறுபவர் உயிர்மேல் வந்த திடீர்ப் பரிவு என்று நினைக்கவேண்டாம். காரணம் எதுவாயினும் விளைவு நல்லது. பொறியில் மட்டும் ஏறினால் விழுகிறவரைப் பிடிக்க ஒன்றுமில்லை என்பதைக் கண்டு, காசர்கோட்டிலுள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் அதற்குப் பாதுகாப்பு இணைப்பு ஒன்றைச் சேர்த்தது. இந்தச் சிறு இணைப்பில்தான் பழைய தளைநாருக்கும் புதிய சிந்தனைக்கும் இடையிலான வேறுபாடு முழுவதும் அடங்கியிருக்கிறது: ஏற உதவும் கருவி வேறு, விழும்போது பிடிக்கும் கருவி வேறு. ஒன்றே இரண்டையும் செய்யும் என்று நம்பக்கூடாது.

பிடிக்கும் கருவி எப்படி இருக்கவேண்டும்? இடுப்பில் மட்டும் கட்டும் வார் போதாது. விழும் எடை முழுவதும் வயிற்றில் இறங்கும்; தொங்குபவருக்கு மூச்சு முட்டும், அல்லது தலைகீழாகி நழுவிப் போவார். தோள், நெஞ்சு, தொடை மூன்றையும் தழுவும் முழுவுடல் வார்தான் எடையைத் தொடைக்கும் இடுப்பெலும்புக்கும் பிரித்துக் கொடுக்கும். அதிலிருந்து மரத்துக்குப் போகும் கயிறு தண்டைச் சும்மா வளைத்திருந்தால் பயனில்லை. வழுவழுப்பான தண்டில் அது அடிவரை வழுக்கிக்கொண்டே வரும். எடை விழுந்ததும் சுருக்காக இறுகவேண்டும். கயிற்றில் தொய்வும் இருக்கக்கூடாது. தொய்வு நீளம் முழுவதும் விழும் தூரமாகிவிடும். வேட்டைக்காரர்கள் இன்னொன்றும் செய்கிறார்கள். தட்டுக்கு மேலிருந்து தரைவரை ஒரு கயிறு நிரந்தரமாகத் தொங்கும்; அதில், எடை விழுந்தால் இறுகும் புருசிக் முடிச்சு ஒன்று. தரையில் நிற்கும்போதே அதில் தன்னைக் கோத்துக்கொண்டு, முடிச்சைத் தள்ளியபடி ஏறுவார்கள். இறங்கிக் கால் தரையில் பட்ட பிறகே அவிழ்ப்பார்கள்.

நாளொன்றுக்கு வரிசையாகப் பல மரம் ஏறும் தேங்காய் பறிப்பவரிடம் மரத்துக்கு மரம் இப்படிக் கயிறு கட்டச் சொன்னால் சிரிப்பார். அவர் சிரிப்பு நியாயமானது. மரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருக்கும்போது பாதுகாப்புக்குச் செலவாகும் ஒவ்வொரு நிமிடமும் அவர் பையிலிருந்து போகிறது. ஆகவே தென்னைக்கு ஏற்றது இரட்டைக் கயிறுதான். ஒன்று தண்டில் இறுகியிருக்க மற்றதைக் கொண்டைக்கு மேல் மாற்றவேண்டும். மாற்றும் கணத்தில் ஒன்றாவது கட்டிலேயே இருக்கும். ஆபத்து மாறும் இடத்தில்தான் என்றால் கயிறும் அந்த இடத்துக்காகவே வடிவமைக்கப்படவேண்டும்.

கயிற்றைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதுதான் சத்தமில்லாமல் கெடும் பொருள். தேங்காய்நார் கெட்டால் முகர்ந்தாலே தெரியும்: பூஞ்சை வாடை வரும், பிரித்தால் நார் பொடியாகும். நைலான் அப்படியில்லை. வெளியே பளபளப்பாகவே இருக்கும், உள்ளே வெயில் வலிமையைத் தின்றிருக்கும். சாயம் வெளுத்து, தொட்டால் விறைப்பாக இருந்தால் அது போய்விட்டது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பாலிபுரொப்பிலீன் கயிறு வெயிலுக்கு இன்னும் மோசம். மாடு கட்டலாம், மனிதனைக் கட்டக்கூடாது. நனைந்த நைலான் கொஞ்சம் வலுக்குறையும். மோட்டார் சைக்கிள் மின்கலத்தின் அமிலம் பட்ட இடம் கண்ணுக்குத் தெரியாமலே அரித்துப்போகும். காப்பாரில் தோட்டத்துக்குப் போகிறவர் கயிற்றை மோட்டார் சைக்கிளில்தானே கொண்டுபோகிறார்? முடிச்சு போட்ட இடத்தில் கயிறு தன் வலுவில் கணிசமான பங்கை இழக்கிறது. தைத்த முனையோ கொக்கியோ இருந்தால் நல்லது. எஃகு வடத்தில் ஓர் இழை அறுந்து முள்ளாக நீட்டினாலே போதும், மாற்றவேண்டும். அதன்மேல் பிளாஸ்டிக் உறை போட்டிருப்பவர்கள் துருவைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். கடற்காற்று வீசும் இடத்தில் உறைக்குள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

முழுவுடல் வாரில் பட்டையை மட்டுமல்ல, தையலையும் பார்க்கவேண்டும். ஒருமுறை விழுந்து பிடித்த வார் அத்தோடு முடிந்தது. தையல் ஒரே தரம் கிழிந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்படி செய்யப்பட்டவை பல உண்டு. அவற்றை மறுபடி தைத்துப் போட்டால் வார் மாதிரி தெரியும், வார் இல்லை. உற்பத்தியாளர் குறித்த ஆண்டு கடந்தால், பயன்படுத்தாமல் பெட்டியில் கிடந்திருந்தாலும் கழிக்கவேண்டும். கழிப்பது என்றால் வெட்டி எறிவது. மூலையில் போட்டால் மறுநாளே யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள். நிழலில் உலர்த்தித் தொங்கவிட்டு, வாங்கிய தேதியை எழுதிவைப்பதற்கு மேல் பெரிய பராமரிப்பு ஏதுமில்லை. இவ்வளவு சிறிய வேலை ஏன் நடப்பதில்லை? கயிறு யாருடையது என்று கேட்டால் பதில் தெரிந்துவிடும். பனையேறியின் தளைநார் அவருடையது. அவரே முடைந்தார், தேய்மானம் அவர் விரலுக்குத் தெரியும். குத்தகைக்காரரின் வேனில் மொத்தமாகக் கிடக்கும் கயிறு எவருடையதும் அல்ல. அதைப் பார்க்கும் கண்ணும் இல்லை.

செம்பனை வந்ததும் ஏறும் தேவையே ஒழிந்தது என்று பலர் நினைத்தார்கள். கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனையை நட்டவர் ஹென்ரி ஃபொக்கோனியே. பின்னாளில் ‘மலேசி’ நாவலுக்காக 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசு பெற்றவரும் அவரே. குட்டை மரத்தில் நீண்ட பிடியுள்ள உளியால் குலையை வெட்டலாம். மரம் உயர்ந்ததும் கம்பின் நுனியில் வளைந்த அரிவாளைப் பொருத்திக் கீழே நின்றபடியே அறுக்கலாம். ஏறவேண்டாம், விழவேண்டாம். ஆனால் விழுவது இப்போது குலை. பத்து, இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள முள்பந்து அது. விழுந்து துள்ளி எந்தப் பக்கம் உருளும் என்று சொல்லமுடியாது. அண்ணாந்தே வேலை செய்பவரின் கண்ணில் தூசியும் முள்துணுக்கும் விழும். கழுத்து வலி ஓயாது. மூங்கில் கம்பு போய் அலுமினியக் கம்பு வந்தபோது தோளுக்கு நிம்மதி கிடைத்தது. கூடவே மின்சாரம் வந்தது.

காப்பாரில் இது ஏட்டுப் பேச்சில்லை. சுல்தான் சலாவுதீன் அப்துல் அசிஸ் மின்நிலையம் இங்கேதான் இருக்கிறது. ஒரு காலத்தில் 2,420 மெகாவாட் திறன் கொண்டிருந்தது. அங்கிருந்து கிளம்பும் உயரழுத்தக் கம்பிகள் இந்தத் தட்டை நிலத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். அலுமினியம் மின்சாரத்தை அருமையாகக் கடத்தும். உயரழுத்தக் கம்பியைத் தொடவே வேண்டாம், நெருங்கினாலே பொறி தாவும். அறுத்து முடித்த கம்பை நிமிர்த்தியபடியே அடுத்த மரத்துக்கு நடப்பதுதான் கொல்லும் பழக்கம். இங்கும் ஆபத்து மரத்திலிருந்து மரத்துக்கு மாறும் இடத்தில்தான் காத்திருக்கிறது. கம்பைப் படுக்கவைத்துத் தூக்கவேண்டும், அரிவாளுக்கு உறை போடவேண்டும், கம்பிக்குக் கீழ் வரிசையை மேற்பார்வையில்லாமல் அறுக்கக்கூடாது. மின்கம்பிப் பாதையின் ஓரத்தில் செம்பனை நடாமல் விடுவது இவை எல்லாவற்றையும்விட மலிவு. நடும்போது ஒரு வரிசையை இழக்க மனம் வராத நிர்வாகம் இருபத்தைந்து ஆண்டுகள் அந்த வரிசையை அறுக்க ஆள் அனுப்பிக்கொண்டிருக்கும்.

கம்பைப் பராமரிப்பதும் ஒரு கலை. நெளிந்த அலுமினியக் குழாயை நிமிர்த்திப் பயன்படுத்தினால் நெளிந்த இடத்திலேயே முறியும். இணைப்புக் கவ்வி தளர்ந்திருந்தால் அரிவாள் தலைமேல் வரும். மழுங்கிய அரிவாள் கூரானதைவிட ஆபத்தானது, இழுப்பவர் உடலெடை முழுவதையும் கொடுத்து இழுப்பார்; குலை திடீரென அறுபடும்போது பின்னால் சாய்வார். காலையில் அரம், இடையில் சாணைக்கல் என்று தீட்டுபவர்தான் மாலையில் முழுதாக வீடு திரும்புகிறார். மலேசியச் செம்பனை வாரியம் ‘சந்தாஸ்’ என்ற மோட்டார் அறுப்பானைக் கொண்டுவந்தது; அதிகம் உயராத மரங்களுக்கு நல்ல கருவி. உயர்ந்த மரங்களுக்கு இன்னும் கம்பும் கழுத்தும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? பழைய தொழிற்சாலை, இயந்திரச் சட்டத்தின் 1970ஆம் ஆண்டு விதிகள், பத்து அடிக்கு மேல் விழக்கூடிய இடத்தில் வேலை செய்பவருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றன. அவை எழுதப்பட்டது தொழிற்சாலையை மனத்தில் வைத்து, தென்னையை அல்ல. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் முதல் தேதியிலிருந்து ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்தது. முதலாளி ஆபத்தை மதிப்பிட்டாகவேண்டும். உடனடி ஆபத்து தெரிந்தால் தொழிலாளி விலகிக்கொள்ளலாம். இன்று செம்பனை அறுப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டவர். 2019 ஜனவரியிலிருந்து அவர்களும் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவுக்குள் வந்தார்கள். எழுத்தில் குறை அதிகமில்லை. ஆனால் குலைக் கணக்கில் கூலி வாங்குபவர் ‘இந்த மரம் வேண்டாம்’ என்று விலகினால் அன்றைய கூலியை யார் தருவார் என்பதற்கு எந்தப் பிரிவிலும் விடை கிடையாது. உயரத்துப் பாதுகாப்பைக் கூலிமுறையிலிருந்து பிரித்துப் பேசும் கையேடுகளை நான் மதிப்பதில்லை.

விழுந்த பிறகு செய்யவேண்டியதும் செய்யக்கூடாததும் உண்டு. தரையில் விழுந்தவரைத் தோளில் தூக்கி மோட்டார் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோவதுதான் நம் வழக்கம். உடைந்த முதுகெலும்பு அந்தப் பயணத்தில் நரம்பை அறுத்துவிடலாம். அசைக்காமல், கழுத்தைத் தாங்கி, 999ஐ அழைத்துக் காத்திருக்கவேண்டும். கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை எட்டாத தூரமில்லை. வாரில் பிடிபட்டுத் தொங்குபவரின் ஆபத்து வேறு. அசைவின்றித் தொங்கினால் இரத்தம் கால்களில் தேங்கிச் சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். காலை மடக்கி நீட்டவும் மிதித்து எழும்பவும் வாரிலேயே ஒரு சிறு கண்ணி இருந்தால் நேரம் கிடைக்கும். இறக்கத் தெரிந்த இன்னொருவர் கீழே இருக்கவேண்டும். தனியாக ஏறாதே என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

புதிதாக நடப்படும் தென்னைகள் குட்டை ரகங்கள். மலாயன் குட்டையும் தக்னானான் நெட்டையும் கலந்த மாத்தாக் போன்ற கலப்பினங்களைப் பல ஆண்டுகள் தரையிலிருந்தே பறிக்கலாம். பெருந்தோட்டத்தில் ஏறுபவர் தேவை குறைந்துகொண்டே போகும். எஞ்சப்போவது கோயில் வளாகத்திலும் பழைய லயங்களின் ஓரத்திலும் சாலையோர வீட்டு முற்றத்திலும் நிற்கும் நெட்டைத் தென்னைகள். காய் காரின்மேல் விழுகிறது என்று வீட்டுக்காரர் ஒருவரைக் கூப்பிடுவார். வருபவருக்கு முதலாளி இல்லை, மதிப்பீடு செய்ய யாருமில்லை. கயிறு மட்டும் பழையபடி அவருடையதே. 2017ஆம் ஆண்டுச் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் டாக்சி ஓட்டுநர்களுக்காகத் தொடங்கி, 2020இலிருந்து விவசாயம் உள்ளிட்ட பிற துறைகளுக்கும் விரிந்தது. மிகக் குறைந்த திட்டத்தின் சந்தா மாதம் 13 ரிங்கிட் 10 சென் என்று வகுத்தார்கள். ஒரு மரம் ஏறும் கூலியில் அடங்கிவிடும் தொகை. ஏறுபவரிடம் விலை பேசும் வீட்டுக்காரர், அவர் பதிந்திருக்கிறாரா என்று கேட்பதற்கும், கயிற்றை ஒரு முறை கையில் வாங்கிப் பார்ப்பதற்கும் தடையேதும் இல்லை.